வழியை மறித்து என்ன பயன்?

அல்சைமர் நோயைப் பற்றிய எந்த உரைக்குப் போனாலும் அந்த அசைபடம் வந்துவிடுகிறது. சாம்பல் நிறத்தில் ஒரு மூளை. காதுக்கு உட்புறமாக, அடியில், ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளி பெருக்கிறது. பக்கத்திலிருக்கும் ஹிப்போகேம்பஸை நனைக்கிறது, பொட்டுப் பக்கம் ஏறுகிறது, பின்மண்டைக்கும் நெற்றிக்கும் ஓடுகிறது. பத்து நொடியில் மூளை முழுக்கச் சிவப்பு. அதற்கு மேல் பேச்சாளர் வாயைத் திறக்கவே வேண்டாம். டௌ என்ற புரதம் கெட்டுப்போய் ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குத் தொற்றிக்கொண்டே போகிறது, போகும் வழியில் அதை மறித்தால் நோய் நின்றுவிடும் என்று அரங்கில் இருக்கும் எல்லோருக்கும் தோன்றிவிடும்.

அந்தப் படத்தின் கதை ஒரே மனிதரின் மூளையைத் தொடர்ந்து பார்த்து எழுதப்பட்டதல்ல. ஃபிராங்க்பர்ட்டில் ஹைக்கோ பிராக், இவா பிராக் தம்பதி இறந்தவர்களின் 83 மூளைகளை வெட்டிச் சாயமேற்றிப் பார்த்து 1991ல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது அது. செல்லுக்குள் டௌ திரண்டு உண்டான சிக்குகள் சிலரிடம், அசைபடத்தில் சிவப்புப் புள்ளி தொடங்கும் என்டோரைனல் புறணியோடு நின்றிருந்தன, சிலரிடம் ஹிப்போகேம்பஸ் வரை இருந்தன, சிலரிடம் மேல்மூளை முழுக்க இருந்தன. குறைவிலிருந்து மிகுதிக்கு அடுக்கி ஆறு நிலைகள் என்றார்கள். அருமையான வேலை, இன்றுவரை அதைவிட நல்ல அளவுகோல் கிடைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு மூளையும் காட்டியது ஒரே ஒரு கணத்தை. வரிசை அவர்கள் கண்டது. அந்த வரிசைக்கு ஓட்டத்தைக் கொடுத்தது நாம்.

தோப்பில் தை மாதம் ஒரு மாமரம் பூக்கிறது, பத்து நாள் கழித்து அடுத்தது, மாசியில் கடைக்கோடி மரம். பூ நடந்து போனது என்று யாரும் சொல்வதில்லை. மரத்தின் வயது, வேர், வெயில் விழும் பக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் அதனதன் நேரம். அதே தோப்பில் தத்துப்பூச்சி விழுந்தாலும் இதே வரிசையில் மரங்கள் கெடலாம். கெட்ட வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு, பூத்ததா பூச்சி விழுந்ததா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. டௌ விஷயத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டுகளாகப் பூச்சிக்கே தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு சொல்லிவிடுகிறேன். டௌ நல்ல நாளில் நல்ல புரதம். நரம்பு செல்லின் நீண்ட கிளைக்குள் சரக்கு போய்வரும் நுண்குழல்களை, பந்தல்காலைக் கயிறு கட்டுவதுபோலப் பிடித்து வைத்திருப்பது. 1975ல் பிரின்ஸ்டனில் மார்க் கிர்ஷ்னர் குழு கண்டுபிடித்தது. நோயில் இது குழலை விட்டுக் கழன்று, மடிந்து, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி இழையாகிறது. இழையின் ஒரு துண்டு நல்ல டௌவைத் தன் மடிப்புக்கே மடிக்க வல்லது. சுரை விதை போட்டால் சுரைதான் முளைக்கும் என்பதுபோல மடிப்பின் வடிவம் அப்படியே நகலாகிறது. ஆய்வாளர்களும் அந்தத் துண்டை விதை என்றேதான் அழைக்கிறார்கள். 2009ல் பாசெல், கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், சிக்குகள் நிறைந்த எலியின் மூளைச்சாற்றை, தானாகச் சிக்கு உண்டாகாத எலியின் மூளைக்குள் ஊசியால் செலுத்தினார்கள். சில மாதங்களில் ஊசி போட்ட இடத்திலும் அதைத் தாண்டியும் சிக்குகள் தோன்றின. 2016ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வர்ஜீனியா லீயின் ஆய்வகம், அல்சைமர் நோயாளிகளின் மூளையிலிருந்து பிரித்த டௌவை, மரபணு மாற்றம் எதுவும் செய்யப்படாத சாதாரண எலிகளுக்குச் செலுத்தியே இதைச் சாதித்தது. 2020ல் எல்ஆர்பி1 என்ற ஏற்பி, டௌவைச் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும் முக்கியமான வாசல் என்று தெரியவந்தது. வாசலும் தெரிகிறது, விதையும் தெரிகிறது.

இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. டௌ செல்விட்டுச் செல் போக முடியும். ஆனால் 'முடியும்' என்பதற்கும் 'நோயை நடத்துவது அதுதான்' என்பதற்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தை ஆதாரம் போட்டு யாரும் தூர்க்கவில்லை. ஒரு சொல்லைப் போட்டு மூடியிருக்கிறார்கள்.

தமிழில் அந்தச் சொல் இன்னும் மோசமாக வேலை செய்கிறது. காலராவும் பரவுகிறது, தீயும் பரவுகிறது, வதந்தியும் பரவுகிறது. டௌ பரவுகிறது என்று எழுதிய உடனே, அப்பாவைக் குளிப்பாட்டும் மகள் தனக்கும் ஒட்டுமோ என்று பயப்பட ஆரம்பிக்கிறாள். கூடவே, மடிப்புக் கெட்டுத் தொற்றும் புரதத்தைக் குறிக்கும் பிரியான் என்ற வார்த்தையும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். நோயாளியைப் பராமரிப்பதால் அல்சைமர் ஒட்டிக்கொள்ளும் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. பூசணிக்கொடிக்கு நாம் 'படர்கிறது' என்று தனிச் சொல் வைத்திருக்கிறோம். வேர் ஓரிடத்தில், வளர்ச்சி பல இடத்தில். அதைப் பயன்படுத்தலாமே என்று யோசித்தேன். படர்தாமரை ஞாபகம் வந்தது, விட்டுவிட்டேன்.

போகட்டும், சொல்லை விட்டு மூளைக்கு வருவோம். என்டோரைனல் புறணியில் டௌ சிக்கு இருப்பது நோயாளிகளுக்கு மட்டும் உரிய சங்கதி அல்ல. வயதானவர்களின் மூளையைத் திறந்தால் அநேகமாக எல்லோரிடமும் கொஞ்சமாவது இருக்கும், நினைவு தெளிவாக இருந்தவர்களிடமும்கூட. ஹைக்கோ பிராக்கே 2011ல், 1 வயதிலிருந்து 100 வயது வரையிலான 2332 மூளைகளை ஆராய்ந்தார். சிக்காவதற்கு முந்திய நிலையிலுள்ள கெட்ட டௌ, மூளைத்தண்டின் லோகஸ் செருலியஸ் என்ற சிறு நீலப்புள்ளியில் முப்பது வயதுக்குள்ளேயே பலரிடம் தென்பட்டது.

லோகஸ் செருலியஸ் செல்களின் கிளைகள் மூளையின் பெரும்பகுதிக்கும் போகின்றன. என்டோரைனல் புறணியோ ஹிப்போகேம்பஸுக்கும் மேல்மூளைக்கும் நடுவில் இருக்கும் பெரிய சந்திப்பு. பாதை பிறந்தது முதல் திறந்தே கிடக்கிறது, பயணியும் இளவயதிலேயே வந்துவிட்டார். பிறகு ஏன் முப்பது, நாற்பது ஆண்டுகள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்? பலரிடம் சாகும்வரை அங்கேயேதான் இருக்கிறார். 2014ல் இந்த நிலைக்குத் தனிப் பெயரே வைத்தார்கள்: பொட்டின் உட்புறத்தில் டௌ சிக்கு உண்டு, அமிலாய்டு என்ற இன்னொரு புரதத்தின் படிவு இல்லை அல்லது மிகக் குறைவு, சிக்கு மேல்மூளைக்குப் பெரும்பாலும் ஏறுவதில்லை. அமிலாய்டு சேர்ந்தவர்களிடம்தான் மேல்மூளையில் டௌ பெருகுகிறது.

பாதை இருப்பதாலேயே புரதம் போய்ச் சேர்ந்து நோயை உண்டாக்கும் என்றால் இந்தக் காத்திருப்புக்கு இடமே இல்லை. அமிலாய்டு சேர்ந்தவர், சேராதவர் இருவரிடமும் பாதை ஒன்றே, விதையும் உண்டு. மாறியது நிலம். அமிலாய்டு பரவலை முடுக்கிவிடுகிறது என்று இதற்குப் பதில் சொல்வார்கள். முடுக்குவது பயணத்தையா, போய்ச் சேர்ந்த இடத்தில் நடக்கும் பெருக்கத்தையா என்று திருப்பிக் கேட்டால், அந்தப் பதிலில் இதற்கு விடை இருக்காது.

அந்தக் கேள்வியைக் கணக்காகவே போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் மெய்சல், டூமஸ் நோல்ஸ், டேவிட் கிளெனர்மன் ஆகியோரின் குழு 2021ல் வெளியிட்ட ஆய்வு அது. இந்தத் துறையில் கடந்த பத்தாண்டுகளில் வந்தவற்றில், கிடைத்த கவனத்துக்கு மேல் தகுதியுள்ள ஆய்வு ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். இறந்தவர்களின் மூளைப் பகுதிகளில் இருந்த விதைகளின் அளவு, உயிரோடிருப்பவர்களின் டௌ பெட் ஸ்கேன், சிக்குகளின் எண்ணிக்கை ஆகியவற்றைச் சேர்த்து, வேதிவினைகளின் வேகத்தை அளக்கும் கணிதத்தில் போட்டார்கள். இரண்டு நிகழ்வுகள் இருக்கின்றன. ஒன்று, விதை ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குப் போவது. மற்றது, இருக்கும் இடத்திலேயே விதை பெருகுவது. நோயின் வேகத்தை எது கட்டிப்போடுகிறது?

பிராக் மூன்றாம் நிலையிலிருந்து, இருக்கும் இடத்திலேயே நடக்கும் பெருக்கம்தான் என்று விடை வந்தது. அந்த நிலைக்கு வரும்போதே மூளையின் பல பகுதிகளில் விதைகள் ஓரளவு இருக்கின்றன. அதற்குப் பிறகு ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது பெரிய பொருட்டல்ல. அங்கங்கே இருப்பது எவ்வளவு வேகமாக இரட்டிக்கிறது என்பதே பொருட்டு. இரட்டிக்க ஆகும் காலம் சுமார் 5 ஆண்டுகள்.

ஒரு வட்டிக்கடைக்காரர் ஊர் ஊராகக் கிளை திறக்கிறார் என்று வையுங்கள். கிளை திறப்பதைப் பார்த்துத்தான் எல்லோரும் மிரள்கிறார்கள். ஆனால் ஏற்கெனவே எல்லா ஊரிலும் கிளை வந்துவிட்ட பிறகு ஊரை அழிப்பது புதிய கிளையல்ல, ஒவ்வொரு கணக்கிலும் குட்டி போடும் வட்டி. ஐந்தாண்டில் இரண்டு மடங்கு, பத்தாண்டில் நான்கு, இருபதாண்டில் பதினாறு. அசைபடத்தில் சிவப்பு ஓடுவதுபோலத் தெரிவதும் இதனால்தான். முதலில் எங்கே விதை அதிகமோ அங்கே முதலில் ஸ்கேனின் கண்ணுக்குத் தெரியும் அளவை எட்டுகிறது. குறைவாக இருந்த இடம் பின்னால் எட்டுகிறது. பார்ப்பவருக்கு அது நகர்வு. உண்மையில் அங்கேயே இருந்தது இப்போது கண்ணில் படுகிறது.

பரவலுக்குச் சாட்சியாக அடிக்கடி கூப்பிடப்படுவது இந்தப் பெட் ஸ்கேன்தான். நோய்ப்பரவலைக் கணிக்கும் மாதிரியை மூளையின் இணைப்பு வரைபடத்தின் மேல் ஓட்டி, டௌ எங்கெங்கே இருக்கிறது என்ற வேறுபாட்டில் சுமார் 70 விழுக்காட்டை அதனால் விளக்க முடிந்தது என்று ஜேக்கப் ஃபோகல் குழு 2020ல் காட்டியது. பெரிய எண்தான். ஆனால் இணைந்திருக்கும் பகுதிகள் இணைப்பில் மட்டும் ஒத்தவை அல்ல. செல்வகை, மரபணு வேலை செய்யும் விதம், ஆற்றல் செலவு என்று பலவற்றிலும் ஒத்தவை. ஒரே தெருவில் இருக்கும் வீடுகளுக்கு ஒரே சமயத்தில் மின்சாரம் போனால், இருட்டு வீடு வீடாக நடந்தது என்று ஆகாது. அதே ஃபோகல் 2021ல் 1612 பேரின் ஸ்கேன்களைப் பிரித்துப் பார்த்து, டௌ எல்லோரிடமும் ஒரே வழியில் போவதில்லை, நான்கு தனித்தனிப் பாங்குகள் இருக்கின்றன என்றார். பின்மண்டையின் பார்வைப் பகுதிகள் முக்கியமாகப் பாதிக்கப்படும் பாங்கு ஒன்று, இடது பக்கத்திலேயே குவிவது ஒன்று. எந்தப் பாங்கும் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. அசைபடத்தில் இன்னும் ஒரே ஒரு சிவப்புப் புள்ளிதான்.

சிறுமூளையை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்மூளையிலிருந்து சிறுமூளைக்குப் போகும் இணைப்பு மனித மூளையிலுள்ள மிகப் பெரிய நரம்புத்தடங்களில் ஒன்று. அல்சைமரில் அங்கே டௌ சிக்கு ஏறக்குறைய வருவதே இல்லை. சிக்கு நிறைந்த அதே புறணியில், தூண்டும் செல்களோடு நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும் அடக்கும் செல்கள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. என்டோரைனல் புறணியிலேயே எல்லாச் செல்களும் ஒன்றுபோல் சாவதில்லை. ஆர்ஓஆர்பி என்ற மரபணு வேலை செய்யும் தூண்டும் செல்கள்தான் முதலில் போகின்றன என்று 2021ல் கலிஃபோர்னியாவில் லியா கிரின்பர்க், மார்ட்டின் காம்ப்மன் குழுவினர் காட்டினார்கள். இணைப்புதான் விதி என்றால் இந்தச் சலுகைகள் எப்படி?

இங்கே எனக்கு எதிரான சாட்சி ஒன்றை நானே கூப்பிட வேண்டும். பாரிஸில் சார்ல் டுய்கேர்ட்ஸ் 1997ல் விவரித்த நோயாளி. முன்பு நடந்த அறுவையில் அவருடைய மூளைப்புறணியின் ஒரு துண்டு மற்ற பகுதிகளிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. இறந்தபின் பார்த்தால், அந்தத் தனித்தீவில் அமிலாய்டு இருந்தது, டௌ சிக்கு இல்லை. பரவல் தரப்புக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் இணைப்பை அறுத்தால் விதை மட்டுமா வராமல் போகும்? தூண்டலும் வராது, செல் வேலை செய்யாது. நரம்பு செல்லின் செயல்பாடு கூடினால் டௌ நோயும் கூடுகிறது என்பது எலிகளில் தெரிந்ததுதான். அந்தத் தீவு இரண்டு தரப்புக்கும் சாட்சி சொல்லும். ஒரு தரப்புக்கு மட்டும் சொன்னதாகவே இத்தனை நாளும் பதிவு செய்திருக்கிறார்கள்.

எலிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மிகுதியாகப் பயன்படும் எலிகளில் இருப்பது நெற்றிமூளை மறதிநோய்க் குடும்பங்களில் கண்ட டௌ மரபணுப் பிழை. அல்சைமர் நோயாளிகளிடம் அந்தப் பிழை கிடையாது. 2012ல் பெரும் பரபரப்பாக வந்த இரண்டு ஆய்வுகள், என்டோரைனல் புறணியில் மட்டும் மனித டௌவை உண்டாக்கும் எலியில், சிக்கு ஹிப்போகேம்பஸுக்குப் போனதைக் காட்டின. 'மட்டும்' என்பதில்தான் மொத்த வாதமும் தொங்குகிறது. அந்த மரபணுச் சொடுக்கி என்டோரைனலுக்கு வெளியேயும் வேலை செய்கிறது என்று 2016ல் வேறொரு குழு எழுதியது. சோதனைக்குழாயில் ஹெப்பாரின் என்ற வேதிப்பொருளைச் சேர்த்துச் செய்த டௌ இழைகளை வைத்து எத்தனையோ பரவல் சோதனைகள் நடந்தன. 2017ல் கேம்பிரிட்ஜில் நோயாளியின் மூளையிலிருந்து எடுத்த இழையின் வடிவம் அணு அளவில் தெரிந்தது, இரண்டாண்டில் ஹெப்பாரின் இழையின் வடிவம் அதுவல்ல என்றும் தெரிந்தது. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: 2012 எலி ஆய்வுகளில் ஒன்றை நடத்திய கேரன் டஃப், 2019ல் எந்தச் செல் ஏன் எளிதில் வீழ்கிறது என்ற கேள்விக்குத் திரும்பி, டௌவை அப்புறப்படுத்தும் உள்வேலை பலவீனமாக இருக்கும் செல்களைச் சுட்டிக்காட்டினார். பரவலைக் காட்டியவரே நிலத்தைத் தோண்டிப் பார்க்கப் போனார். கேட்டவர்கள் குறைவு.

இது வெறும் ஆய்வகச் சண்டையாக இருந்தால் நான் இவ்வளவு மெனக்கெட மாட்டேன். இந்தக் கதையை நம்பி நோயாளிகளுக்கு மருந்து ஏற்றியிருக்கிறார்கள். விதை வெளியே வந்து அடுத்த செல்லுக்குள் நுழைவதற்கு இடையில், செல்களுக்கு நடுவிலுள்ள நீரில் அதைப் பிடித்துவிடலாம் என்று ஆன்டிபாடிகளைச் செய்தார்கள். பயோஜெனின் கோசுரனெமாப், ஆப்வியின் டிலவோனெமாப், ரோஷ் குழுமத்தின் செமோரினெமாப், லில்லியின் சகோடெனெமாப். நான்குமே டௌவின் முன்முனையைப் பிடிப்பவை. தொடக்கநிலை அல்சைமரில் நான்கும் தோற்றன. கோசுரனெமாப் சோதனையில் 600 பேருக்கு மேல் இருந்தார்கள். மருந்து மூளைக்குள் போகவில்லை என்று சாக்குச் சொல்ல வழியில்லை. தண்டுவட நீரில் மருந்திடம் பிடிபடாமல் திரியும் முன்முனை டௌ நன்றாகவே குறைந்தது. ஸ்கேனில் டௌ குறையவில்லை, நினைவு தேறவில்லை. செமோரினெமாப் மட்டும் நடுத்தர நிலை நோயாளிகளிடம் ஒரு நினைவுச் சோதனையில் சரிவைக் குறைத்தது, அன்றாடக் காரியங்களில் ஒன்றும் மாறவில்லை.

தவறான முனையைப் பிடித்துவிட்டோம், விதைக்கு முன்முனை தேவையே இல்லை, நடுப்பகுதியைப் பிடித்திருக்க வேண்டும் என்று இப்போது சொல்கிறார்கள். சரியான விமர்சனமாகவே இருக்கட்டும். நடுப்பகுதியைப் பிடிக்கும் பெப்ரனெமாபின் முடிவு 2024ல் வந்தது. ஸ்கேனில் டௌ சேரும் வேகம் மருந்தின் அளவுக்கும் காலத்துக்கும் ஏற்ப 33 முதல் 58 விழுக்காடு வரை குறைந்தது. நினைவுச் சோதனை ஒன்றில் சிறு நன்மையும் தெரிந்தது. ஆனால் சோதனை முதன்மையாக எதை அளக்கப் போகிறோம் என்று முன்கூட்டிச் சொன்னதோ, அந்த அன்றாட வாழ்க்கை அளவுகோலில் வெற்றி இல்லை. இதை வைத்து நான் கொண்டாடப் போவதில்லை. வெளியே பிடிப்பதில் ஏதோ பலன் இருக்கலாம் என்று இது காட்டுகிறது. ஆனால் கதை சொன்ன வாக்கு 'ஏதோ பலன்' அல்ல, நோய் நிற்கும் என்பது. மருந்து வாங்கவரும் நோயாளி மூன்றாம் நிலையையோ நான்காம் நிலையையோ தாண்டியவர். கிளைகள் எல்லா ஊரிலும் திறந்தாயிற்று. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் கரையில் மண் கொட்டுகிறோம்.

ஏன் அத்தனை நிறுவனங்களும் ஒரே பக்கம் ஓடின? ஆன்டிபாடி பெரிய மூலக்கூறு, செல்லுக்குள் எளிதில் நுழையாது. அதனால் எட்ட முடிந்த இடம் செல்லுக்கு வெளியே. எட்டும் இடத்தில்தான் நோய் இருக்கிறது என்று சொல்லும் கதை எந்த நிறுவனத்துக்கும் இனிக்கும். அசைபடத்தின் வெற்றியில் இதற்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

செல்லுக்குள் கை வைத்த ஒரு முயற்சி உண்டு. பிஐஐபி080 என்ற மருந்து டௌ மரபணுவின் செய்தியை அழித்து, புரதம் உண்டாவதையே குறைக்கிறது. 2023ல் வெளியான முதற்கட்டச் சோதனையில் 46 பேர்தான். தண்டுவட நீரின் டௌ, அதிக அளவு மருந்து பெற்றவர்களிடம் பாதிக்கும் மேல் குறைந்தது. பிறகு ஸ்கேன்களிலும் டௌ படிவு இறங்கியது. சேரும் வேகம் குறைந்ததல்ல, இருந்ததே இறங்கியது. நோயாளிகளுக்குப் பயன் உண்டா என்று தீர்மானிக்க 46 பேர் போதாது. உற்பத்தி குறைந்தால் பரவலும்தானே குறையும், இது எங்களுக்கும் சாதகம்தானே என்று பரவல் தரப்பு கேட்கும். கேட்கட்டும். பெருகுவதற்கு மூலப்பொருளே இல்லாதபோது பாதையைப் பற்றிய கேள்வி யாருக்கு வேண்டும்?

1901ல் ஃபிராங்க்பர்ட் மருத்துவமனைக்கு 51 வயதில் வந்த அகஸ்டே டீட்டர் 1906ல் இறந்தார். அவருடைய மூளையை வெள்ளிச்சாயத்தில் பார்த்த அலோய்ஸ் அல்சைமர் 1907ல் எழுதிய கட்டுரை மிகச் சிறியது. புறணியின் நரம்பு செல்களில் கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மாறியிருந்ததைக் கண்டார். அவற்றை வரிசைப்படுத்தியும் சொன்னார். மற்றபடி நன்றாகவே இருக்கும் செல்லின் நடுவில் முதலில் ஓரிரு இழைகள் தடித்துத் தெரிகின்றன. பிறகு பல இழைகள் ஒன்றாகச் சேர்ந்து கட்டாகி மேற்பரப்புக்கு வருகின்றன. கடைசியில் உட்கருவும் செல்லும் கரைந்துபோய், செல் இருந்த இடத்தில் சிக்கு மட்டும் மிஞ்சுகிறது. இந்த நோயைப் பற்றி எழுதப்பட்ட முதல் வரிசை அது. அதில் ஆரம்பமும் முடிவும் ஒரே செல்லுக்குள் இருந்தன.